அமெரிக்காவில் திவால் மனு: ஊரில் இருக்கும் நிலத்தையும் சேர்த்து எழுதுங்கள்

ஊரில் ஒருவர் "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்" என்று காதில் விழுந்தால், அந்தக் குடும்பத்தில் சம்பந்தம் பேசக்கூட ஆட்கள் தயங்குவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் அமெரிக்காவில் கடனில் சிக்கும்போது, சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பது தெரிந்தும் அந்தப் பக்கம் போவதில்லை. வேறு வழியே இல்லை என்று ஒருநாள் போகும்போது, அதற்குள் மூன்று காரியங்களைச் செய்து முடித்திருப்பார்கள். ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்துக் கார்டுக்குக் கட்டியிருப்பார்கள். அண்ணனிடம் வாங்கிய கைமாற்றைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். நகையை ஊருக்குக் கொடுத்தனுப்பியிருப்பார்கள். மூன்றுமே தவறு. முதல் இரண்டும் நல்ல எண்ணத்தில் செய்தவை என்பது உண்மைதான். ஆனால் திவால் வழக்கில் உங்கள் சொத்துக் கணக்கைப் பார்க்க நியமிக்கப்படும் டிரஸ்டி எண்ணத்தைப் பார்ப்பதில்லை, தேதியைப் பார்க்கிறார்.

கிரெடிட் கார்டு, மருத்துவமனை பில், தனிநபர் கடன் என்று அமெரிக்காவில் கடன் ஏறி நின்று, அடுத்த அடி எங்கே வைப்பது என்று தெரியாமல் இருக்கும் தமிழருக்காக இதை எழுதுகிறேன். உங்கள் வழக்குக்கான சட்ட ஆலோசனை இதுவல்ல. வக்கீல் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும், எதைக் கையில் எடுத்துப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கானது.

அடிப்படையில் இரண்டு விஷயங்கள். திவால் சட்டம் அங்கே மத்திய அரசின் சட்டம். இன்று நடைமுறையில் இருப்பது 1978ஆம் ஆண்டுச் சட்டம். 2005இல் அதை வெகுவாக இறுக்கினார்கள். மனு போக வேண்டிய இடம் மாநில நீதிமன்றமல்ல, மத்திய திவால் நீதிமன்றம். ஆனால் எந்தச் சொத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம் என்பது பெரும்பாலும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இரண்டாவது, மனு போட குடியுரிமை தேவையில்லை. அமெரிக்காவில் வசித்தாலோ, சொத்தோ தொழிலோ இருந்தாலோ போதும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவரும் போடலாம், கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவரும் போடலாம்.

முதல் வேலை: எதையும் செய்யாமல் இருப்பது

கடன் கழுத்தை நெரிக்கும்போது சும்மா இருக்கச் சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பல வழக்குகள் கெடுவது மனு போடுவதற்கு முந்தைய ஓராண்டில்தான்.

ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொடாதீர்கள். வேலையிடத்தில் பிடித்தம் செய்து சேர்க்கும் 401கே கணக்கைத் திவால் வழக்கில் கடன்காரர்கள் தொட முடியாது. அந்தப் பணத்தை நீங்களே எடுத்துக் கார்டுக்குக் கட்டுவது, பூட்டிய பெட்டியை நாமே திறந்து கொடுப்பது போன்றது. அதோடு, ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன்பு எடுத்தால் வருமான வரியும் பெரும்பாலும் 10 சதவீத அபராதமும் வந்து சேரும். ஓராண்டு கழித்து எப்படியும் மனு போடத்தான் போகிறீர்கள் என்றால், அந்தப் பணம் போனது போனதுதான்.

சொந்தக்காரருக்குக் கடனைத் திருப்பாதீர்கள். மனு போடுவதற்கு முந்தைய ஓராண்டுக்குள் நெருங்கிய உறவினருக்கு 600 டாலரோ அதற்கு மேலோ கடன் அடைத்திருந்தால், மற்றக் கடன்காரர்களை விட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் கொடுத்ததாக அது கருதப்படலாம். அந்தப் பணத்தை டிரஸ்டி உங்களிடம் கேட்கமாட்டார், நேராக உங்கள் அண்ணனிடம் கேட்பார். கொடுக்காவிட்டால் வழக்குப் போடுவார். உறவைக் காப்பாற்றத் திருப்பிய பணம் அண்ணன் வீட்டுக்குச் சம்மன் அனுப்பி வைக்கும். வெளியாட்களுக்கு இந்தக் காலம் 90 நாள்.

எதையும் பெயர் மாற்றாதீர்கள். காரைத் தம்பி பெயருக்கு எழுதுவது, கணக்கிலிருக்கும் பணத்தை அம்மா கணக்குக்கு அனுப்புவது, நகையைத் தோழியிடம் கொடுத்து வைப்பது எல்லாம் இரண்டாண்டு பின்னோக்கித் தோண்டப்படும். மாநிலச் சட்டத்தின்படி அதற்கும் பின்னால் போக வழியிருக்கிறது.

கார்டை உள்ளே வைத்துவிடுங்கள். மனுவுக்கு முந்தைய 90 நாளில் ஒரே கடன்காரரிடம் 900 டாலருக்கு மேல் ஆடம்பரப் பொருள் வாங்கியிருந்தாலோ, 70 நாளில் கார்டு மூலம் 1,250 டாலருக்கு மேல் ரொக்கம் எடுத்திருந்தாலோ, திருப்பித் தரும் எண்ணமின்றி வாங்கிய கடன் என்ற சந்தேகத்தோடுதான் சட்டம் அதைப் பார்க்கும். அந்தக் கடன் அழியாமல் நிற்கலாம். இந்தக் கட்டுரையில் வரும் இதுபோன்ற வரம்புகள் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளவை. மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறும்.

சும்மா இருக்கக்கூடாத இடம் ஒன்று உண்டு: நீதிமன்றச் சம்மன். கடன்காரர் வழக்குப் போட்டு அதற்கு நீங்கள் பதில் தராவிட்டால், எதிர்வாதமின்றித் தீர்ப்பு அவர் பக்கம் போய்விடும். பிறகு பல மாநிலங்களில் சம்பளத்திலேயே கைவைக்கலாம். சாதாரணக் கடன்களுக்கு, பிடித்தங்கள் போக வரும் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குவரை போகும். கடன் வசூல் நிறுவனங்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 9 மணிக்குப் பின்பும் அவர்கள் அழைக்கவே கூடாது. ஆனால் நீதிமன்றக் கடிதத்தை அன்றே பிரியுங்கள்.

கணக்கெடுப்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையைக் காலி செய்து, வீட்டிலுள்ள எல்லா உறைகளையும் கொட்டுங்கள். பிரிக்காத உறைகளே அதிகம் இருக்கும். வெட்கப்பட வேண்டாம், எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒரு நோட்டில் நான்கு பத்திகள் போடுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எதன் பேரில், கூடக் கையெழுத்துப் போட்டது யார். யார் எவ்வளவு கடன் வாங்கினார் என்று பதிவு வைத்திருக்கும் மூன்று கடன் தரவு நிறுவனங்களிடமிருந்தும் உங்கள் கடன் அறிக்கையை இலவசமாக வாங்கலாம். நீங்கள் மறந்த கடன்கள் அதில் கிடக்கும்.

அறிக்கையில் வராத கடன்கள்தான் நம் ஆட்களிடம் அதிகம். மச்சானிடம் வாங்கிய மூவாயிரம், முன்னாள் அறைத்தோழர் கொடுத்த வாடகைப் பணம், நண்பர்கள் சேர்ந்து போட்ட சீட்டில் முன்கூட்டி எடுத்துவிட்டு இன்னும் கட்ட வேண்டியது, ஊர் வங்கியில் அப்பா ஜாமீன் போட்ட கல்விக் கடன். எல்லாம் எழுத வேண்டும். "மச்சான் பெயரைக் கோர்ட்டில் கொடுக்க மனம் வரவில்லை" என்பார்கள். அவர் மேல் குற்றம் சொல்லி எழுதவில்லை. கடன்காரர் பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான். வழக்கு முடிந்தபின் அவருக்கு விரும்பித் திருப்பிக் கொடுப்பதைச் சட்டம் தடுக்காது. கட்டாயம்தான் போகிறது, கொடுக்கும் உரிமை போகவில்லை.

இன்னொரு பக்கத்தில் சொத்து. கணக்கில் உள்ள பணம், கார், அரசு திருப்பித் தர வேண்டிய வருமான வரிப் பணம், கொடுத்து வைத்த வாடகை முன்பணம், யாராவது உங்களுக்குத் தர வேண்டிய கடன்.

ஊரில் இருப்பது

இங்கேதான் நான் நின்று பேச விரும்புகிறேன். அமெரிக்கத் திவால் சட்டம் உங்கள் சொத்து என்று சொல்வது, உலகில் எங்கே இருந்தாலும், யார் கையில் இருந்தாலும் உங்களுக்கு உரியதை எல்லாம். தஞ்சாவூர்ப் பக்கம் கால் ஏக்கர், தாம்பரத்தில் பாதி கட்டி நிற்கும் ஃபிளாட், என்ஆர்இ கணக்கில் வைப்புத்தொகை, எல்ஐசி பாலிசி, அம்மா வீட்டு பீரோவில் இருக்கும் உங்கள் நகை, எல்லாம் அதில் அடக்கம். பூர்வீகச் சொத்தில் பாகப்பிரிவினை ஆகவில்லை, பட்டாவில் பெயர் ஏறவில்லை என்பதால் பங்கு இல்லை என்று ஆகிவிடாது. அப்பா சம்பாதித்து அவர் பெயரில் உயிரோடு வைத்திருக்கும் வீடு வேறு, அது அவருடையது. ஆனால் மனு போட்ட 180 நாளுக்குள் அவர் காலமாகி உங்களுக்கு வாரிசுரிமை வந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். அது வழக்குக்குள் வந்துவிடும்.

"அமெரிக்காக்காரனுக்கு எப்படித் தெரியப்போகிறது?" என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வரும். வெஸ்டர்ன் யூனியனில் மாதாமாதம் அனுப்பிய தொகை வங்கி அறிக்கையில் இருக்கிறது. வரிப் படிவத்தில் வெளிநாட்டு வட்டி இருக்கிறது, அல்லது இருந்திருக்க வேண்டியது இல்லாமல் இருக்கிறது. மனக்கசப்பில் பிரிந்த பங்காளி இருக்கிறார். இவற்றையெல்லாம் விட, நீங்கள் சத்தியம் செய்து கையெழுத்திடும் படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. சொத்தை மறைத்தால் கடன் விடுவிப்பையே நீதிமன்றம் மறுக்கலாம். வேண்டுமென்றே மறைத்தது என்று ஆனால் ஐந்தாண்டுவரை சிறை. விசாவில் இருப்பவருக்கு மோசடித் தண்டனை என்பது நாடு கடத்தலுக்கான பாதையும்கூட. திவால் மனு போட்டது மட்டுமே விசாவைப் பறிக்கும் காரணமல்ல. பொய் சத்தியம் செய்வதுதான் ஆபத்து.

இதில் வருத்தம் என்னவென்றால், மறைத்தவர்களில் பலருக்கு மறைக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நியூ ஜெர்சியில் வாடகை வீட்டில் இருக்கும் கணவனும் மனைவியும் சேர்ந்து மனு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சொத்தை எவ்வளவு மதிப்புவரை டிரஸ்டி தொடாமல் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்வது விலக்குப் பட்டியல். அந்த மாநிலத்தில் மத்தியச் சட்டத்தின் விலக்குப் பட்டியலைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பட்டியலில் நகைக்கு ஆளுக்கு 2,125 டாலர்தான் விலக்கு. இன்றைய தங்க விலையில் ஒரு சங்கிலிக்கே காணாது. ஆனால் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய பொது விலக்கு ஒன்று உண்டு: 1,675 டாலர், அதோடு சொந்த வீட்டுக்கான விலக்கைப் பயன்படுத்தாதவருக்கு மேலும் 15,800 டாலர்வரை. ஆளுக்கு 17,475. கணவருக்கு ஊரில் நிலத்தில் பங்கு, மதிப்பு 12,000 டாலர். அது அவருடைய பொது விலக்குக்குள் அடங்கிவிடுகிறது. மனைவியின் நகை 18,000 டாலர். நகை விலக்கும் பொது விலக்கும் சேர்ந்தால் 19,600. அதுவும் அடங்கிவிடுகிறது. காருக்கு ஆளுக்கு 5,025 தனியாக இருக்கிறது. எழுதிக் காட்டியதால் இந்தத் தம்பதி இழந்தது எதுவுமில்லை. தோழி வீட்டில் நகையை ஒளித்திருந்தால் கடன் விடுவிப்பையே பணயம் வைத்திருப்பார்கள்.

எல்லாருக்கும் இப்படி அமையாது. கலிஃபோர்னியாவில் மத்தியப் பட்டியலைத் தேர்ந்தெடுக்க முடியாது. மாநிலத்தின் இரண்டு பட்டியல்களில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் வசிக்கும் வீட்டுக்குப் பரப்பளவில்தான் கட்டுப்பாடு, விலை எவ்வளவு உயர்ந்தாலும் பொதுவாகப் பாதுகாப்பு உண்டு. ஆனால் இதற்காகவே அங்கே வீடு வாங்கிக் குடியேறுபவர்களைத் தடுக்கத் தனி விதிகளும் உண்டு. ஒரு மாநிலத்தின் விலக்கைப் பெற, மனுவுக்கு முன் பொதுவாக அங்கே 730 நாள் குடியிருந்திருக்க வேண்டும். ஊரில் இரண்டு மனைகளும் வாடகை வரும் வீடும் உள்ளவர் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். விலக்குக்கு மீறிய சொத்தை டிரஸ்டி விற்கும் சாப்டர் 7 என்ற முறை அவருக்குப் பெரும்பாலும் ஏற்றதல்ல.

சாப்டர் 7, சாப்டர் 13

சட்டத்தில் அத்தியாயங்கள் பல. தனிநபருக்கு வேண்டியவை இந்த இரண்டுதான்.

சாப்டர் 7இல் விலக்குக்குள் அடங்காத சொத்து இருந்தால் டிரஸ்டி அதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். மீதிக் கடன் போய்விடும். பெரும்பாலான வழக்குகளில் விற்க ஒன்றுமே இருப்பதில்லை. மனு போட்டு ஏறக்குறைய நான்கு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும். கட்டணம் 338 டாலர். தவணையில் கட்டலாம், வருமானம் மிகக் குறைவென்றால் தள்ளுபடியும் கேட்கலாம். வக்கீல் கட்டணம் தனி; அது பொதுவாக ஆயிரம் டாலரைத் தாண்டும்.

எல்லாரும் சாப்டர் 7க்குள் நுழைந்துவிட முடியாது. மனு போடும் மாதத்துக்கு முந்தைய ஆறு மாத வருமானத்தை ஆண்டுக்கணக்காக்கி, உங்கள் மாநிலத்தில் அதே அளவுக் குடும்பத்தின் நடுநிலை வருமானத்தோடு (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் இருக்கும் தொகை) ஒப்பிடுவார்கள். குறைவென்றால் தடையில்லை. அதிகமென்றால் செலவுகளைக் கழித்து இன்னொரு சுற்றுக் கணக்கு. அதிலும் மிச்சம் கணிசமாக இருந்தால் சாப்டர் 13க்குத் திருப்பிவிடுவார்கள். வேலை போன கணினித் துறைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இது: போன வாரம் வேலை போயிருந்தாலும் ஆறு மாதக் கணக்கில் நீங்கள் இன்னும் பெரிய சம்பளக்காரர். சில மாதங்கள் பொறுத்தால் கணக்கு மாறும். எச்-1பி விசாவில் வேலை போனால் அடுத்த வேலை தேட அதிகபட்சம் 60 நாள்தான் என்பதால், எப்போது போடுவது என்பதை வக்கீலோடு உட்கார்ந்து காலண்டரைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

சாப்டர் 13 என்பது நீதிமன்ற மேற்பார்வையில் தவணை. வருமானம் நடுநிலைக்குக் கீழே என்றால் பொதுவாக மூன்றாண்டு, மேலே என்றால் ஐந்தாண்டு. மாதாமாதம் டிரஸ்டியிடம் கட்டுவீர்கள், அவர் பிரித்துக் கொடுப்பார். கட்டணம் 313 டாலர். வீட்டுக்கடன் தவணை நின்றுபோய் வீடு ஏலத்துக்கு வரும் நிலையில் இருப்பவருக்கும், ஊரில் விலக்குக்கு மேல் சொத்து உள்ளவருக்கும் இதுதான் வழி. நிலுவையைச் சிறிது சிறிதாக அடைத்து வீட்டைத் தக்கவைக்கலாம். விலக்குக்கு மீறிய சொத்தை விற்க வேண்டியதில்லை. ஆனால் சாப்டர் 7இல் அதை விற்றால் கடன்காரர்களுக்குக் கிடைத்திருக்கும் தொகைக்குக் குறையாமல் தவணையில் கட்டியாக வேண்டும். ஐந்தாண்டு என்பது நீண்ட காலம். நடுவில் வேலை போகும், குழந்தை பிறக்கும், ஊரில் யாருக்காவது உடம்பு முடியாமல் போகும். பாதியில் முறியும் திட்டங்கள் ஏராளம். முறிந்தால் பெரும்பாலும் கடன் பழையபடி வந்து நிற்கும். கௌரவத்துக்காக 13ஐத் தேர்ந்தெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். 7க்குத் தகுதி இருந்து, காப்பாற்ற வேண்டிய வீடும் சொத்தும் இல்லையென்றால் 7தான் போங்கள்.

மனு போடுதல்

முதலில் அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனத்தில் கடன் ஆலோசனை வகுப்பு முடிக்க வேண்டும். இணையத்தில் ஒன்றிரண்டு மணி நேரம். மனுவுக்கு முந்தைய 180 நாளுக்குள் முடித்த சான்றிதழ் இல்லாவிட்டால் பொதுவாக வழக்குத் தள்ளுபடியாகும்.

பிறகு படிவங்கள். சொத்துக்கு ஒரு அட்டவணை, விலக்குக்கு ஒன்று, அடமானக் கடனுக்கு ஒன்று, மற்றக் கடனுக்கு ஒன்று, கூடக் கையெழுத்திட்டவர்களுக்கு ஒன்று, வரவுக்கு ஒன்று, செலவுக்கு ஒன்று. இவற்றோடு பண விவரங்களின் வரலாறு என்று ஒரு படிவம்: ஓராண்டில் உறவினருக்குக் கொடுத்தது, இரண்டாண்டில் ஒருவருக்கு 600 டாலருக்கு மேல் கொடுத்த பரிசு, விற்றது, மாற்றியது. அம்மாவுக்கு மாதம் 300 அனுப்பியதும் இங்கேதான் வரும். வழக்கமாகப் பெற்றோருக்கு அனுப்பும் பணத்தைப் பார்த்து டிரஸ்டிகள் குதிப்பதில்லை. எழுதாமல் விட்டதைப் பார்த்தால் குதிப்பார்கள்.

படிவம் நிரப்பிக் கொடுக்க மட்டும் ஆட்கள் இருக்கிறார்கள், குறைந்த காசு. அவர்கள் தட்டச்சு செய்யலாம். எந்த அத்தியாயம், எந்த விலக்கு என்று ஆலோசனை சொல்லச் சட்டம் அவர்களை அனுமதிப்பதில்லை. சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஊரில் சொத்து உள்ளவர் கட்டாயம் வக்கீல் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. "வெளிநாட்டுச் சொத்து உள்ள வழக்குகளை நடத்தியிருக்கிறீர்களா?" என்பதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள். வெளிநாட்டுக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டியிருந்து அரசுக்குத் தனி அறிக்கை தராமல் இருந்தால், அதையும் மனுவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கடன் வாங்கிய வங்கியிலேயே சம்பளக் கணக்கும் இருந்தால், மனுவுக்கு முன் வேறு வங்கிக்குச் சம்பளத்தை மாற்றுங்கள். கணக்கில் இருப்பதை அந்த வங்கி முடக்கி வைக்கக்கூடும். இந்த மாற்றம் தவறல்ல. பழைய கணக்கையும் படிவத்தில் எழுதினால் போதும்.

மனு பதிவான நொடியிலேயே ஒரு தடை தானாக அமலுக்கு வருகிறது. தொலைபேசி நிற்க வேண்டும், வழக்கு நிற்க வேண்டும், சம்பளப் பிடித்தம் நிற்க வேண்டும், மறுநாள் நடக்கவிருந்த வீட்டு ஏலம் நிற்க வேண்டும். யார் அழைத்தாலும் வழக்கு எண்ணைச் சொல்லி வைத்துவிடலாம். குழந்தை பராமரிப்புத் தொகையும் குற்ற வழக்குகளும் நிற்காது. ஓராண்டுக்குள் இரண்டாவது முறை போடுபவருக்கு இந்தத் தடை பொதுவாக 30 நாள்தான்.

டிரஸ்டியோடு பத்து நிமிடம்

பலரும் தூக்கம் கெட்டுப் பயப்படுவது இதற்குத்தான். சாப்டர் 7இல் மனு போட்ட 21 முதல் 40 நாளுக்குள் கடன்காரர் கூட்டம் என்று ஒன்று வைப்பார்கள். பெயர்தான் அப்படி, கடன்காரர்கள் வருவது அபூர்வம். நீதிபதி வரமாட்டார். இப்போது பெரும்பாலும் ஜூம் வழியாகவே நடக்கிறது.

திரையில் உங்களுக்கு முன்னால் நான்கைந்து பேர் காத்திருப்பார்கள். ஒருவர் வேலை இடைவேளையில் காரில் உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் மடியில் குழந்தை. உங்கள் முறை வரும்போது அடையாள அட்டையையும் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கான சான்றையும் சரிபார்ப்பார்கள். வலது கையை உயர்த்திச் சத்தியம். பிறகு கேள்விகள்: கையெழுத்திடுமுன் படித்தீர்களா, எல்லாச் சொத்தும் எழுதியிருக்கிறதா, எல்லாக் கடன்காரர்களும் இருக்கிறார்களா, யாருக்காவது எதையாவது மாற்றிக் கொடுத்தீர்களா, யாராவது உங்களுக்குப் பணம் தர வேண்டியிருக்கிறதா. ஊரில் நிலம் எழுதியிருந்தால் அதன் மதிப்பை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்பார். அரசு வழிகாட்டி மதிப்பின் அச்சுப்படியும், அக்கம்பக்கத்தில் விற்ற விலை பற்றிய ஒரு குறிப்பும் கையில் இருந்தால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கடன் வந்த கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல நாக்கு துடிக்கும். அவருக்கு அது வேண்டாம், அடுத்த ஆள் காத்திருக்கிறார்.

ஆங்கிலத்தில் சத்தியம் செய்து பேசத் தயக்கமாக இருந்தால், முன்கூட்டியே கேட்டால் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்கிறார்கள். மகளை மொழிபெயர்க்க வைக்க நினைக்காதீர்கள்.

இதன்பின் பணம் கையாள்வது பற்றிய இரண்டாவது வகுப்பு. இதை மறந்துவிட்டு, வழக்கு முடிந்தும் விடுவிப்பு ஆணை கிடைக்காமல் நிற்பவர்கள் உண்டு. கூட்டத்துக்குக் குறித்த முதல் தேதியிலிருந்து 60 நாள் கடன்காரர்களுக்கு ஆட்சேபம் சொல்ல அவகாசம். அது கழிந்தபின் ஆணை வரும்.

எது போகும், எது போகாது

கார்டு, மருத்துவ பில், தனிநபர் கடன், பழைய வாடகை போய்விடும். குழந்தை பராமரிப்பும் ஜீவனாம்சமும் போகாது. அண்மைக்கால வருமான வரி போகாது. மோசடியில் வாங்கியது, குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருவரைக் காயப்படுத்தியதற்கான நஷ்டஈடு போகாது. கல்விக் கடன், மிகையான துன்பம் என்று தனி வழக்கில் நிரூபித்தாலன்றிப் போகாது; 2022 நவம்பருக்குப் பின் அரசுக் கல்விக் கடன்களுக்கு அந்த நடைமுறை சற்று எளிதாகியிருக்கிறது. கார் கடனும் வீட்டுக் கடனும் நடுவில் நிற்பவை. உங்கள் மேலுள்ள பொறுப்பு போகும். பொருள் மேலுள்ள அடமானம் போகாது. தவணை கட்டினால் வண்டி இருக்கும்.

கூடக் கையெழுத்திட்டவர் தப்பமாட்டார். சாப்டர் 13இல் திட்டம் நடக்கும்வரை அவருக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. 7இல் மறுநாளே அவரைத் தேடிப் போவார்கள். ஊர் வங்கியில் ஜாமீன் போட்ட அப்பா நிலையும் அதுதான். அமெரிக்க நீதிமன்ற ஆணையைக் காட்டி அந்த வங்கியின் மேலாளரை நிறுத்த முடியாது. மனு போடுமுன் அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது; வங்கிக் கடிதம் வந்து அவர் தெரிந்துகொள்ள வேண்டாம்.

கடன் அறிக்கையில் சாப்டர் 7 பத்தாண்டு வரை இருக்கும். 13 வழக்கமாக ஏழாண்டில் நீக்கப்படுகிறது. திவாலானதற்காக மட்டும் உங்களை வேலையை விட்டு நீக்க முடியாது. ஆனால் தனியார் நிறுவனம் புதிதாகச் சேர்க்கும்போது அதைக் காரணமாக்கி மறுப்பதைப் பல நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. வீடு வாங்கும் ஆசையை மூட்டை கட்ட வேண்டாம்: அரசுக் காப்பீடுள்ள எஃப்எச்ஏ வீட்டுக் கடனுக்கு, சாப்டர் 7 விடுவிப்பு முடிந்து பொதுவாக இரண்டாண்டு ஆகியிருந்தால் விண்ணப்பிக்கலாம். மறுபடி சாப்டர் 7 போட எட்டாண்டு காத்திருக்க வேண்டும்.

"கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம்" என்று வானொலியில் கூவும் நிறுவனங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தொலைபேசியில் ஆள் பிடிக்கும் அவர்கள், ஒரு கடனையாவது தீர்க்குமுன் கட்டணம் கேட்பது 2010 முதல் சட்டவிரோதம். பேரம் பேசிக் குறைத்த தொகை பொதுவாக உங்கள் வருமானமாகக் கருதப்பட்டு வரியும் வரும். திவாலில் போன கடனுக்கு அந்த வரி கிடையாது. பேரம் நடக்கும் மாதங்களில் கடன்காரர் வழக்குப் போடுவதையும் அவர்களால் தடுக்க முடியாது.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு விமானம் ஏறிவிடலாம் என்ற யோசனையும் வரும். அமெரிக்கத் தீர்ப்பை இந்திய நீதிமன்றம் நேரடியாக நிறைவேற்றாது. எந்த நாடுகளின் தீர்ப்புகளை அப்படி நிறைவேற்றலாம் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் அமெரிக்கா இல்லை. ஆனால் அதை வைத்து இந்தியாவில் புது வழக்குப் போட வழியிருக்கிறது. அமெரிக்காவில் கடன் வட்டியோடு வளர்ந்துகொண்டே இருக்கும், திரும்பி வேலைக்கு வரும் நாளில் முதல் சம்பளத்திலேயே பிடிக்கும். பத்தாண்டு கழித்து மகள் அங்கே படிக்கப்போகும்போது கடனுக்குக் கூடக் கையெழுத்துப் போட முடியாமல் நிற்பீர்கள்.

விடுவிப்பு ஆணை ஒன்றிரண்டு பக்கக் காகிதம். அதையும் கடன்காரர் பட்டியலையும் சேர்த்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். மூன்று மாதம் கழித்துக் கடன் அறிக்கையை மறுபடி வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு பழைய கணக்கிலும் நிலுவை பூஜ்யம் என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆணையின் நகலை இணைத்து எழுதுங்கள். பழைய கடன்களைக் கட்டுக்கட்டாக விலைக்கு வாங்கும் நிறுவனங்களிடமிருந்து மூன்றாண்டு கழித்தும் கடிதம் வரக்கூடும். நயமாக, பாதி கட்டினால் போதும் என்று. விடுவிக்கப்பட்ட கடனைக் கேட்பது நீதிமன்ற ஆணையை மீறுவது. வக்கீலின் எண்ணை அதற்காகவாவது அழிக்காமல் வைத்திருங்கள்.